சிறிய ஹைட்ரோஸ்டேட்டிக் டிராக்டர் வாங்குமுன்: எடை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் நகரத்தை விட்டுத் தள்ளி ஐந்து, பத்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்குகிறவர்கள் ஓராண்டுக்குள் ஒரு சிறிய டிராக்டரைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். புல் வெட்ட வேண்டும், பாதைக்குச் சரளை போட வேண்டும், விழுந்த மரத்தை அப்புறப்படுத்த வேண்டும், குளிர்காலத்தில் பனியைத் தள்ள வேண்டும். அப்படி நிலம் வாங்குபவர்களில் தமிழர்களும் உண்டு. விசாரிக்கப் போனால் அவர்கள் காதில் விழும் அறிவுரைகள் பெரும்பாலும் மூன்றுதான்: எந்தக் கம்பெனி உழைக்கும் என்று பார்த்து வாங்குங்கள்; ஹைட்ரோஸ்டேட்டிக் (கியர் மாற்றாமல், ஆயிலின் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் வகை) வேண்டாம், அது சீக்கிரம் போய்விடும்; பின் டயரில் தண்ணீர் ஏற்றிவிட்டால் எடைப் பிரச்சினை தீர்ந்தது.

இந்த மூன்றிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. டிராக்டரின் ஆயுள், ஹைட்ரோஸ்டேட்டிக் அமைப்பின் உழைப்பு, எடை வைக்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. முன், பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சுகளில் எதன் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது, அந்த எடையை நகர்த்த உள்ளே இருக்கும் ஆயில் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது என்ற இரண்டும் விளங்கிவிட்டால், மற்றக் கேள்விகளுக்கு விடை தானே கிடைக்கும்.

எந்த வகை டிராக்டர்?

இங்கே பேசப்படுவது ஏறத்தாழ 20 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள, நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிராக்டர். முன்னால் லோடர் இருக்கும். லோடர் என்பது இரண்டு இரும்புக் கைகளும் அவற்றின் நுனியில் மண் அள்ளும் பக்கெட்டும் கொண்ட அமைப்பு. பின்னால் கருவிகளை மாட்ட மூன்று புள்ளி இணைப்பு, அதாவது த்ரீ பாயிண்ட் ஹிட்ச், இருக்கும். கருவிகளைச் சுழற்றுவதற்கு எஞ்சினிலிருந்து நேராக வரும் சுழல்தண்டு ஒன்றும் உண்டு, அதை பி.டி.ஓ. என்பார்கள்.

தமிழ்நாட்டில் டிராக்டர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் நேர்வது இயல்பு. அங்கே டிராக்டரின் வேலையெல்லாம் பின்பக்கம்: கலப்பை, ரோட்டவேட்டர், செங்கல் ஏற்றிய டிரெய்லர். இழுவை அதிகமானால் முன் சக்கரம் தூக்கும். அதனால் முன் பம்பரில் இரும்பு எடைகளை மாட்டுவார்கள். லோடர் மாட்டிய டிராக்டரில் நிலைமை தலைகீழ். அங்கே தூக்கிக்கொள்வது பின் சக்கரம். ஊரில் பார்த்த பழக்கத்தில் இங்கேயும் முன்னால் எடை மாட்டினால் சிக்கல் கூடத்தான் செய்யும்.

ஹைட்ரோஸ்டேட்டிக் எப்படி இயங்குகிறது?

கியர் டிராக்டரில் எஞ்சினின் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. வேகத்தை மாற்ற கிளட்சை மிதித்து, கியரை மாற்ற வேண்டும். ஹைட்ரோஸ்டேட்டிக் அமைப்பில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆயில் நின்று அந்த வேலையைச் செய்கிறது.

எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பம்புக்குள் ஓர் உருளை. உருளையைச் சுற்றி வட்டமாகச் சிறு பிஸ்டன்கள். பிஸ்டன்களின் ஒரு முனை ஒரு தட்டின் மேல் சாய்ந்திருக்கும். அந்தத் தட்டைச் சாய்தட்டு என்று வைத்துக்கொள்வோம். தட்டு நேராக நின்றால், உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிஸ்டன்கள் உள்ளே போய் வெளியே வருவதில்லை, ஆயிலும் நகர்வதில்லை, டிராக்டர் நின்ற இடத்தில் நிற்கும். காலடியிலுள்ள பெடலை மெல்ல அழுத்தினால் தட்டு சற்றே சாய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன்கள் கொஞ்சம் ஆயிலைத் தள்ளுகின்றன. அந்த ஆயில் ஒரு ஹைட்ராலிக் மோட்டாருக்குள் பாய்ந்து அதைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சி சக்கரத்துக்குப் போகிறது. இன்னும் அழுத்தினால் தட்டு இன்னும் சாயும், ஆயில் அதிகமாகப் பாயும், வேகம் கூடும். பின்னோக்கும் பெடலை அழுத்தினால் தட்டு எதிர்ப்பக்கம் சாய, ஆயில் எதிர்த்திசையில் ஓடி டிராக்டர் பின்னால் வரும். கிளட்ச் மிதிக்காமல் முன்னும் பின்னும் போகலாம் என்பதால் லோடர் வேலைக்கு இது மிக வசதியானது. இந்த அமைப்பு நேற்று வந்த புதுமையும் அன்று. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1967-லேயே தன் 656 டிராக்டரை ஹைட்ரோஸ்டேட்டிக் வகையில் விற்றது.

மனத்தில் நிறுத்த வேண்டியவை இரண்டு. பாயும் ஆயிலின் அளவுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆயிலின் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதைச் சுமை தீர்மானிக்கிறது. சுமை கூடக் கூட அழுத்தம் ஏறும். ஓர் எல்லையைத் தொட்டதும், குழாயும் பிஸ்டனும் உடையாமல் காப்பதற்காக ஒரு வால்வு திறந்து ஆயிலை வேறு வழியில் விட்டுவிடும். இதுதான் அழுத்தம் தணிக்கும் வால்வு. அது திறக்கும்போது டிராக்டர் நகராமல் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் எஞ்சின் கொடுக்கும் ஆற்றல் வேலைக்குப் போகாமல் ஆயிலைச் சூடாக்குகிறது.

புதியவர்கள் மிக அதிகமாகத் தவறும் இடம் இதுதான். கார் ஓட்டிய காலுக்கு, வண்டி திணறினால் பெடலை ஆழமாக அழுத்தும் பழக்கம் இருக்கிறது. ஹைட்ரோஸ்டேட்டிக் பெடல் எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் பெடல் அன்று. அதை ஆழமாக அழுத்துவது கியரை மேலே போடுவதற்குச் சமம். மண்மேட்டுக்குள் பக்கெட்டைச் செருகும்போது டிராக்டர் திணறினால் காலைச் சற்றுத் தளர்த்த வேண்டும். தட்டின் சாய்வு குறையும், ஆயிலின் அளவு குறையும், அதே எஞ்சின் அதிக அழுத்தத்தைத் தர முடியும், சக்கரம் மெதுவாகவும் வலுவாகவும் தள்ளும்.

இதோடு சேர்ந்தது ரேஞ்ச் லீவர். ஹைட்ராலிக் மோட்டாருக்குப் பின்னால் சாதாரணப் பற்சக்கரங்களால் ஆன இரண்டு அல்லது மூன்று நிலைகள் இருக்கும்: தாழ்நிலை, இடைநிலை, உயர்நிலை. மண் அள்ளுவது, மேடேறுவது ஆகியவை தாழ்நிலையில் செய்ய வேண்டிய வேலைகள். உயர்நிலை காலி டிராக்டரைச் சமதளப் பாதையில் ஓட்டிச் செல்வதற்கானது. உயர்நிலையில் மண்மேட்டை முட்டிவிட்டு ‘ஹைட்ரோவுக்கு வலு இல்லை’ என்று சொல்வதைப் பல இடங்களில் கேட்கலாம்.

ஆயில் வழியாக ஆற்றலைக் கடத்துவதில் இழப்பு உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குபோட்டா எல்2501 டிராக்டரின் எஞ்சின் 24.8 குதிரைத்திறன் கொண்டது. கியர் வகையில் அதன் பி.டி.ஓ. திறன் 20.5, ஹைட்ரோஸ்டேட்டிக் வகையில் 19. அந்த ஒன்றரைக் குதிரைத்திறன் காலின் வசதிக்குக் கொடுக்கும் விலை. நாள் முழுவதும் உழவு மட்டும் செய்பவருக்கு அது வீண்செலவாகத் தோன்றலாம். லோடரோடு மணிக்கு நூறு தடவை முன்னும் பின்னும் போகிறவருக்கு அது மிக மலிவு.

சுருக்கமாக: சாய்தட்டு ஆயிலின் அளவை மாற்றுகிறது, அளவு வேகமாகிறது, சுமை அழுத்தமாகிறது, எல்லை மீறிய அழுத்தம் வெப்பமாகிறது.

எது கெடுக்கிறது?

ஹைட்ரோஸ்டேட்டிக் அமைப்பின் பகைவர்கள் வெப்பம், தூசி, தண்ணீர் ஆகியவை. பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையிலுள்ள இடைவெளி மயிரிழையிலும் மெல்லியது. அதை அடைத்து நிற்பது ஆயிலின் படலமே. ஆயில் மிகவும் சூடாகி இளகினால் படலம் மெலிந்து உள்ளுக்குள் கசிவு கூடும். ஆயிலில் இரும்புத் துகள் இருந்தால் பரப்பில் கீறல் விழும். கீறல் வழியாக மேலும் கசியும். கசிவு மேலும் சூடாக்கும்.

அதனால் பராமரிப்பில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது என்றால், அது முதல் 50 மணி நேரத்தில் செய்யும் ஃபில்டர் மாற்றம். புதிய பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிர்க்கும் துகள்கள் அந்த முதல் ஃபில்டரில்தான் சேர்கின்றன. அதன் பிறகு கையேடு சொல்லும் கால இடைவெளியில், கையேடு சொல்லும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் லோடரை உயர்த்துவதும் கியரை நனைப்பதும் சக்கரத்தை ஓட்டுவதும் ஒரே ஆயில் என்பதால், தவறான ஆயில் எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். முன்புற வலையில் புல் விதை அடைத்து, காற்று புகாமல் சூடேறுவதும் கோடைப் புல்வெட்டில் அடிக்கடி நடப்பது. கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்தவுடனே பனியைத் தள்ளப் புறப்படாமல், தடித்த ஆயில் இளகும்வரை சில நிமிடங்கள் விட வேண்டும்.

எஞ்சின் பக்கத்தில் கவனிக்க வேண்டியது புகை வடிகட்டி. அமெரிக்க மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 2013 முதல், 19 கிலோவாட்டிலிருந்து 56 கிலோவாட் வரையுள்ள டீசல் எஞ்சின்கள் ஒரு கிலோவாட் மணிக்கு 0.03 கிராமுக்கு மேல் புகைக்கரியை வெளிவிடக் கூடாது. 19 கிலோவாட் என்பது ஏறத்தாழ 25 குதிரைத்திறன். கடைகளில் இத்தனை டிராக்டர்கள் 24 சொச்சம் குதிரைத்திறனில் நிற்பதற்கு இதுவே காரணம். அதற்கு மேற்பட்ட பல எஞ்சின்களில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கும். கரி சேர்ந்ததும் எஞ்சின் சூட்டை ஏற்றி அதை எரிக்கும். எரித்து முடிக்கச் சிறிது நேரம் நல்ல வேகத்தில் எஞ்சின் ஓட வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதே வழக்கமாக இருந்தால் அந்த எரிப்பு அரைகுறையாகவே நின்று, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரக்கடைசியில் சிறு சிறு வேலைகள் செய்யும் வீட்டுக்காரருக்கு 25 குதிரைத்திறனுக்குக் கீழே, வடிகட்டி இல்லாத எஞ்சினே நிம்மதி என்பது என் உறுதியான கருத்து. ரோட்டவேட்டரோ, பெரிய புதர்வெட்டியோ மணிக்கணக்கில் ஓட வேண்டியவர் வடிகட்டிக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கம்பெனிப் பெயரைப் பற்றி ஒரு சொல். குபோட்டா, ஜான் டியர், யான்மார் போன்ற பழைய பெயர்களோடு கொரியாவின் கியோட்டி, எல்எஸ், டிஒய்எம் ஆகியவையும் இன்று போட்டியில் உள்ளன. இந்தியாவின் மகிந்திராவும் உண்டு. அதன் ஓஜா வரிசை சென்னையை அடுத்துள்ள மகிந்திரா ஆராய்ச்சி மையமும் ஜப்பானின் மிட்சுபிஷி மகிந்திரா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2023-இல் அறிமுகப்படுத்தியது. இவை எல்லாவற்றிலும் மேலே சொன்ன இயக்கம் ஒன்றே. நிறத்தைவிட, வேண்டிய சீலும் (ஆயில் கசியாமல் அடைக்கும் வளையம்) ஃபில்டரும் இரண்டு நாளில் கிடைக்கும் தூரத்தில் ஒரு நல்ல டீலர் இருக்கிறாரா என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எதிர்எடை எதற்கு?

கிணற்று ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு தாங்குபுள்ளி, ஒரு முனையில் தண்ணீர்ச் சால், மறுமுனையில் எடை. அந்த எடை தாங்குபுள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு எளிதாகச் சால் மேலே வரும். லோடர் மாட்டிய டிராக்டரும் அப்படிப்பட்ட ஓர் ஏற்றமே. தாங்குபுள்ளி முன் அச்சு. சால் இருக்கும் இடத்தில் பக்கெட். மறுமுனையில் டிராக்டரின் உடலும் பின் சக்கரங்களும். ஏற்றத்தின் மறுமுனையில் வைக்கும் எடைக்கு ஒப்பாக டிராக்டரின் பின்புறம் வேண்டுமென்றே சேர்க்கும் எடைதான் எதிர்எடை. டீலரிடம் பேலஸ்ட் என்று கேட்க வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்த்தால்தான் இதன் வலு தெரியும். எளிமைக்காக உருண்டையான எண்களை எடுத்துக்கொள்வோம். லோடரும் ஓட்டுநரும் சேர்ந்து டிராக்டர் 1,400 கிலோ. முன் அச்சில் 700, பின் அச்சில் 700. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.6 மீட்டர். முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் பக்கெட்டில் 400 கிலோ ஈரமண். 400-ஐ 1.2-ஆல் பெருக்கி 1.6-ஆல் வகுத்தால் 300. அதாவது அந்த மண் பின் அச்சிலிருந்து 300 கிலோவைத் தூக்கி முன் அச்சின் மேல் போடுகிறது. பின் அச்சில் மிஞ்சுவது 400 கிலோ. முன் அச்சின் மேல் ஏற்கெனவே இருந்த 700, மண்ணின் 400, பின்னாலிருந்து வந்த 300 எனச் சேர்ந்து 1,400 கிலோ.

பக்கெட்டில் ஏற்றியது 400 கிலோ. முன் அச்சு கூடுதலாகச் சுமப்பதோ 700. கையேட்டில் முன் அச்சின் வரம்பு 1,300 கிலோ என்றிருந்தால் இப்போதே அது மீறப்பட்டாயிற்று. முன் அச்சின் சீல் கசிகிறது, பற்சக்கரம் நொறுங்கியது, ஸ்டீரிங் இறுகியது என்று வரும் முறையீடுகள் பலவற்றுக்கும் பின்னால் இந்தப் பெருக்கல் இருக்கிறது.

டயருக்குள்ளா, பின்னால் தொங்கவிட்டா?

இப்போது 300 கிலோ எதிர்எடை சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழி ஒன்று: பின் டயர்களுக்குள் திரவம் நிரப்புவது, அல்லது பின் சக்கரத்தில் வார்ப்பிரும்பு வட்டுகளை மாட்டுவது. இந்த எடை பின் அச்சுக்கு நேரே இருக்கிறது. பின் அச்சின் 400 கிலோ 700 ஆகும். முன் அச்சில் இருந்த 1,400 கிலோ அப்படியே இருக்கும். ஒரு கிலோகூடக் குறையாது.

வழி இரண்டு: அதே 300 கிலோவை த்ரீ பாயிண்ட் ஹிட்சில் ஒரு பெட்டியாக, பின் அச்சுக்கு 0.8 மீட்டர் பின்னால் தொங்கவிடுவது. இப்போது பின் அச்சே இன்னொரு தாங்குபுள்ளி ஆகிறது. பெட்டி முன் அச்சிலிருந்து 150 கிலோவை இறக்கி, பின் அச்சுக்குக் கொண்டுவருகிறது. பின் அச்சில் 850; முன் அச்சில் 1,250. வாங்கிய எடை ஒன்றே, வைத்த இடம் வேறு. முன் அச்சு வரம்புக்குள் வந்துவிட்டது.

எனவே ‘டயரை நிரப்பியாயிற்று, இனி பெட்டி எதற்கு’ என்பது தவறான கணக்கு. டயர்த் திரவம் இழுவைக்கும் நிலைத்தன்மைக்கும் உதவும். முன் அச்சைக் காப்பது பின்னால் தொங்கும் எடை மட்டுமே. லோடரில் கனமான வேலை செய்பவருக்கு இரண்டும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பணம் இருந்தால் பெட்டிக்கே என் வாக்கு. அதைத் தேவையில்லாதபோது கழற்றி வைக்கலாம் என்பது கூடுதல் நன்மை. ஈரமான புல்வெளியில் ஓட்டும்போது டயருக்குள் இருக்கும் எடையைக் கழற்ற முடியாது.

பெட்டிக்குள் மணல், சரளை, கான்கிரீட் எதுவும் போடலாம். 200 லிட்டர் டிரம் நிறையக் கான்கிரீட் ஊற்றினால் அது ஏறத்தாழ 480 கிலோ வரும். பல சிறிய டிராக்டர்களின் ஹிட்ச் அதைத் தூக்கத் திணறும். பாதி டிரம் போதும். ஹிட்சின் தூக்கும் திறனைக் கையேட்டில் பார்க்கும்போது, இணைப்பு முனையில் ஓர் எண்ணும் அதற்கு 24 அங்குலம் பின்னால் ஒரு குறைந்த எண்ணும் தரப்பட்டிருக்கும். இரண்டாவது எண்ணை நம்புங்கள். தனிப்பெட்டி வாங்க மனமில்லாதவர் கனமான புதர்வெட்டியையோ, சரளை நிரவும் பெட்டிக் கருவியையோ பின்னால் மாட்டிக்கொண்டு லோடர் வேலை செய்யலாம். ஆனால் புதர்வெட்டி பின்னால் நீளமாக நீட்டிக்கொண்டு மரத்தில் இடிக்கும்.

டயருக்குள் என்ன நிரப்புவது என்பது ஊரின் குளிரைப் பொறுத்தது. மினசோட்டாவிலோ ஒன்டேரியோவிலோ வெறும் தண்ணீர் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் லிட்டருக்குச் சுமார் 1.3 கிலோ எடையுள்ளது, விலை குறைவு. ஆனால் கசிந்தால் இரும்பு வளையத்தை அரித்துத் தின்றுவிடும். சர்க்கரை பீட்ரூட்டிலிருந்து கிடைக்கும் ரிம் கார்டு என்ற திரவமும் ஏறத்தாழ அதே எடை. அரிப்பதில்லை, விலை கூடுதல். காரின் கண்ணாடி கழுவும் திரவத்தை ஊற்றுவோரும் உண்டு. அது தண்ணீரைவிடக் கனமில்லை, அதிலுள்ள மெத்தனால் நஞ்சு. எதை நிரப்பினாலும் டயரின் முக்கால் பங்கு உயரம்வரைதான் நிரப்ப வேண்டும். மீதியில் காற்று இருந்தால்தான் டயர் அதிர்ச்சியை வாங்கும்.

சாரம் இதுதான்: சக்கரத்தில் சேர்க்கும் எடை பின் அச்சை அழுத்துகிறது, பின்னால் தொங்கும் எடை பின் அச்சை அழுத்துவதோடு முன் அச்சையும் இளைப்பாற வைக்கிறது.

சாய்வில் என்ன நடக்கிறது?

எதிர்எடை இயந்திரத்தைக் காப்பதற்கு முன் ஆளைக் காக்கிறது. அமெரிக்கப் பண்ணைகளில் நேரும் உயிரிழப்புகளுக்கு டிராக்டர் கவிழ்வதே முதன்மையான காரணம்.

சிறிய டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சல்போல ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதன் விளைவாக, பக்கவாட்டுச் சாய்வில் டிராக்டர் நான்கு கால்களில் நிற்பதில்லை. இரண்டு பின் சக்கரங்கள், முன் அச்சின் நடுப்பின் என்ற மூன்று புள்ளிகளில் நிற்கிறது. இந்த முக்கோணம் பின்னால் அகலம், முன்னால் கூர்மை. எடையின் மையம் முன்னால் போகப் போக அது முக்கோணத்தின் குறுகிய பகுதிக்குப் போகிறது.

நம் கணக்கிலேயே பார்ப்போம். பின் சக்கரங்களின் அகலம் 1.2 மீட்டர் என்று கொண்டால், எதிர்எடை இல்லாமல் மண் அள்ளிய நிலையில் எடை மையத்தின் இருபுறமும் முக்கோணத்தின் விளிம்பு வெறும் 13 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. டயரில் 300 கிலோ சேர்த்தால் அது 20 சென்டிமீட்டர். பெட்டியாகத் தொங்கவிட்டால் 24. பக்கெட்டை மேலே உயர்த்தினால் எடை மையமும் உயர்ந்து, சிறு சாய்விலேயே அந்த விளிம்பைத் தாண்டிவிடும். மண்ணை ஏற்றிய பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நகராதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இறக்கத்தில் இன்னோர் ஆபத்து. பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே. ஹைட்ரோஸ்டேட்டிக் பெடலை விட்டதும் வண்டி நிற்பதும், இருசக்கர இழுவையில் இருந்தால், பின் சக்கரங்கள் வழியாகத்தான். பக்கெட்டில் சுமை, பின்னால் எடை இல்லை, மூக்கு இறக்கத்தை நோக்கி என்ற நிலையில் பின் சக்கரங்கள் தரையை விட்டு இலேசாக எழும்பினாலே பிரேக்கும் பெடலும் ஒருசேரப் பயனற்றுப்போகும். டிராக்டர் தானாக உருளும். நான்கு சக்கர இழுவையைப் போட்டு வைத்தால் முன் சக்கரங்களும் பிடிக்கும். சரிவில் சுமையோடு இறங்கும்போது பக்கெட் மேட்டுப் பக்கம் இருக்கும்படி பின்னோக்கி இறங்குவது இன்னும் நல்லது. இருக்கைக்குப் பின்னாலுள்ள கவிழ்வுப் பாதுகாப்பு வளையத்தை நிமிர்த்தி, சீட் பெல்ட் போட்டுக்கொள்வது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது.

எஞ்சினை நிறுத்தியபின் ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியைப் பிடித்து வைக்கும் என்று நம்புவதும் கூடாது. ஆயில் மெல்லக் கசிய, சரிவில் வண்டி நகரும். நிறுத்தும் பிரேக்கைப் போட வேண்டும்.

எடை அதிகமானால்?

இங்கேதான் எதிர்எடையும் ஹைட்ரோஸ்டேட்டிக்கும் சந்திக்கின்றன. டயர் சறுக்குவது, ஒரு வகையில், இயந்திரத்துக்குப் பாதுகாப்பு. சுமை தாங்காதபோது முதலில் டயர் சறுக்கினால் உள்ளேயுள்ள அழுத்தம் ஓர் அளவோடு நிற்கும். பின் சக்கரங்களில் அளவுக்கு மீறி எடை ஏற்றினால் டயர் சறுக்காது. அந்தச் சுமை முழுவதும் ஆயில் அழுத்தமாகவும், பற்சக்கரத்தின் மீதான முறுக்காகவும் மாறும். சரியான எடையோடு, தாழ்நிலையில், மண்மேட்டை முட்டும்போது அழுத்தம் தணிக்கும் வால்வு கத்துவதற்கு முன் சக்கரம் சறுக்கத் தொடங்க வேண்டும். சறுக்காமல் வால்வு கத்தினால் எடை அதிகம், அல்லது ரேஞ்ச் தவறு.

லோடரைக் கழற்றிவிட்டுப் பின்னால் கனமான கருவியை மட்டும் மாட்டும்போது கணக்கு திரும்பிவிடும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பல கையேடுகளில் காணும் விதி. அதற்குக் குறைந்தால் ஸ்டீரிங் கேட்காது. முன் பம்பர் எடைகளுக்கு வேலை அந்த நேரத்தில்தான்.

வாங்கும் இடத்தில்

விளம்பரத் தாளில் குதிரைத்திறன் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அதை விட்டுவிட்டு லோடர் இல்லாத டிராக்டரின் எடை, முன் அச்சின் வரம்பு, லோடர் கையேடு கேட்கும் பின்பக்க எதிர்எடை ஆகிய மூன்றையும் கேளுங்கள். லோடரின் தூக்கும் திறன் எங்கே அளக்கப்பட்டது என்றும் பாருங்கள்: பக்கெட் மாட்டும் பின்னில் அளந்த எண் பெரிது, அதற்கு 500 மில்லிமீட்டர் முன்னால் அளந்த எண் சிறிது. மண்ணின் எடை மையம் இரண்டாவது இடத்தை ஒட்டித்தான் இருக்கும். டீலர் விலை சொல்லும்போது எதிர்எடைப் பெட்டியையும் டயர்த் திரவத்தையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் சரளை லோடு வந்து இறங்கும் நாளில் அவை இருக்காது.

பழைய டிராக்டர் என்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், ஸ்டார்ட் ஆவதைக் கேளுங்கள். ஆனால் ஹைட்ரோஸ்டேட்டிக்கைக் குளிர்ந்த நிலையில் சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். குளிர்ந்த ஆயில் தடிமனாக இருப்பதால் தேய்ந்த பம்பின் கசிவை மறைத்துவிடும். அரை மணி நேரமாவது வேலை செய்ய வைத்து, ஆயில் சூடானபின், இடைநிலை ரேஞ்சில் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். பெடல் அதே இடத்தில் இருக்க, எஞ்சின் சத்தம் மாறாமல் வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்தபின்னும் வண்டி மெல்ல ஊர்ந்தால் பெரும்பாலும் இணைப்புக் கம்பியைச் சரிசெய்தால் தீரும். அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம், வேண்டாம் என்று ஓடிப்போக வேண்டியதில்லை. பிறகு பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன் சக்கரங்களைச் சற்றே தூக்கி, எஞ்சினை நிறுத்தாமல் ஒருவர் இருக்கையிலேயே இருக்க, மற்றொருவர் டிராக்டருக்கு அடியில் போகாமல் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முன் சக்கரத்தையும் மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். தளர்வு தெரிந்தாலோ, சக்கரத்தின் உள்பக்க முட்டியில் ஆயிலும் மண்ணும் சேர்ந்து பசையாகப் படிந்திருந்தாலோ, இத்தனை ஆண்டுகளாகப் பின்னால் என்ன எடை மாட்டி ஓட்டினீர்கள் என்று உரிமையாளரிடம் கேளுங்கள்.